இரத்தத்தைப் பச்சையாக்கினால் போதுமா?



கைப்பேசி விளையாட்டுகளைக் கண்டித்துப் பிரசங்கிப்பது எளிது. பெற்றோர் தலையசைப்பார்கள், பிள்ளைகள் தலைகுனிவார்கள், ஆராதனை முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் பிள்ளைகளின் கை மீண்டும் கைப்பேசியைத் தேடும். இந்த வாரச் சிந்தனையில் அந்த எளிய வழியை நான் தெரிந்துகொள்ளவில்லை. துப்பாக்கியும் குண்டும் மரணமும் நிறைந்த வீடியோ விளையாட்டுகள் சிலவற்றிடமிருந்து திருச்சபை, குறிப்பாக நம் ஓய்வுநாள் பள்ளி, கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பதே நான் முன்வைக்கும் வாதம். இதைக் கேட்டவுடன் சிலருக்கு நெஞ்சு பதைக்கலாம். பொறுமையோடு இறுதிவரை வாசியுங்கள். பின்பு என்னோடு வழக்காடுங்கள்.

நம் முன் நிற்கும் கேள்வி இருதயத்தைப் பற்றியது. இரக்கத்தை ஒரு பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? பிறன் துயரைக் கண்டு உள்ளம் கசிவதை, தான் இழைத்த தீங்கை எண்ணி வருந்துவதை, அந்நியனையும் அயலானாகக் காண்பதை எப்படிக் கற்பிப்பது? பெருக்கல் வாய்ப்பாட்டைப் போல இவற்றையும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கச் செய்துவிடலாம் என்று நாம் நெடுங்காலமாக நம்பி வருகிறோம். அந்த நம்பிக்கை வெறுமையானது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

அறிந்திருந்தும் கடந்துபோனவர்கள்

நல்ல சமாரியன் உவமையை அறியாத பிள்ளை நம் சபையில் இல்லை. ஆனால் அறிந்திருப்பதால் என்ன விளைகிறது?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 1973-ல் வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட பொருள் நல்ல சமாரியன் உவமை. மற்றவர்களுக்கு வேறொரு பொருள். போகும் வழியில் ஒரு வாசலருகே ஒருவர் சரிந்து கிடந்து இருமி முனகிக்கொண்டிருந்தார்; ஆய்வுக்காக அங்கே அமர்த்தப்பட்டவர் அவர். ஆய்வில் கணக்கிடப்பட்ட மாணவர்கள் 40 பேர். அவசரமில்லாமல் அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 63 பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, விரைந்து செல்லுங்கள் என்று துரத்தப்பட்டவர்களில் உதவியவர்கள் 100-க்கு 10 பேரே. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைவு குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. அந்த உவமையைப் பிரசங்கிக்கும் அவசரத்தில் கீழே கிடந்தவரைத் தாண்டிச் சென்றவர்களும் உண்டு.

அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த வாலிபர்கள். உவமையை நன்கு அறிந்தவர்கள். குறை அவர்களுடைய அறிவில் இல்லை. அறிந்ததைக் கையும் காலும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே குறை.

நம் நிலைமை வேறா? தமிழகத்துச் சபைகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் சமாரியன் உவமையைக் கேளாமல் மரித்தவர் ஒருவரேனும் இருப்பாரா? கேட்டார்கள், ஒப்பித்தார்கள், நடித்துக் காட்டிப் பரிசும் பெற்றார்கள். சுவர் மட்டும் நிற்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி நம் கற்பிக்கும் முறைக்கு எதிராக வேண்டுமோ?

பச்சை இரத்தம்

இப்போது பிள்ளைகளின் கைப்பேசிக்குள் நுழைவோம். நம் வீடுகளில் பெருவாரியாக ஆடப்படும் பப்ஜி வகை விளையாட்டின் அமைப்பு இது: நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். ஆயுதங்களைத் தேடி எடுக்கிறார்கள். ஒருவரையொருவர் வீழ்த்துகிறார்கள். எஞ்சி நிற்பவரே வென்றவர். வீழ்ந்தவருக்குப் பிணம் இல்லை, முகம் இல்லை, அழுகிறவர் இல்லை. அவர் ஒரு பெட்டியாக மாறுகிறார். கொன்றவர் அந்தப் பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு நடக்கிறார். அரைமணி நேரத்தில் ஆட்டம் முடியும். அடுத்த விமானம் காத்திருக்கும்.

2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. நாட்டின் பாதுகாப்பும் மக்களின் தரவுகளுமே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 2021-ல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அது திரும்பி வந்தபோது, குண்டு பட்டால் தெறிக்கும் இரத்தம் சிவப்பாக இல்லாமல் பச்சையாக இருந்தது. பெற்றோர் பலருக்கு அது ஆறுதல். ஆனால் எது மாறியது? நூறு பேர் குதிப்பது மாறவில்லை. வீழ்ந்தவர் பெட்டியாவது மாறவில்லை. ஒரு மரணத்துக்கும் அடுத்த மரணத்துக்கும் இடையே வருந்துவதற்கு ஒரு நொடியும் ஒதுக்கப்படாதது மாறவில்லை. இந்த விளையாட்டின் வன்முறை நிறத்தில் இல்லை. ஒரு செயலுக்குப் பின்விளைவே இல்லை என்று அது சொல்லாமல் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது.

இதோடு நான் நிறுத்திக்கொண்டால் இதுவும் வழக்கமான கண்டனப் பிரசங்கமாகும். ஆகவே மேலும் கேட்கிறேன். நம் ஓய்வுநாள் பள்ளியின் அமைப்பு என்ன? வருகைக்கு ஒரு நட்சத்திரம். மனப்பாட வசனத்துக்கு ஒரு மதிப்பெண். போட்டியில் முதலாவது வந்தவருக்குக் கோப்பை. இரண்டாவது வந்தவருக்குத் தட்டு. மற்றவர்களுக்குக் கைத்தட்டல்கூட இல்லை. வசனம் வாழ்க்கையைத் தொட்டதா என்று பார்க்க நமக்கு நேரமில்லை. அடுத்த வாரத்துக்கு அடுத்த வசனம் காத்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள். புள்ளிகளைச் சேர்ப்பது, முந்திக்கொள்வது, எஞ்சி நிற்பது, பின்விளைவின்றி அடுத்த சுற்றுக்குப் போவது. பொருள் பரிசுத்தமானதுதான். ஆனால் கற்பிக்கும் முறை அந்தத் தீவின் முறையே. நாமும் இரத்தத்தின் நிறத்தை மட்டுமே மாற்றியிருக்கிறோம்.

முற்றுகையிடப்பட்ட ஒரு நகரம்

வன்முறை விளையாட்டுகள் எல்லாம் ஒன்றே என்று பேசுவது, நூல்கள் எல்லாம் ஒன்றே என்று பேசுவதற்கு ஒப்பானது. போலந்து நாட்டின் வார்சா நகரிலுள்ள 11 பிட் ஸ்டுடியோஸ் என்னும் நிறுவனம் 2014 நவம்பரில் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. போஸ்னியப் போரில் 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டுக் கிடந்த சரயேவோ நகரத்து மக்களின் அனுபவமே அதற்குத் தூண்டுதல். இதில் ஆடுபவர் படைவீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் சில சாதாரண மனிதர்களைக் காப்பாற்றுவதே அவர் பொறுப்பு. ஒருவர் சமையற்காரர், ஒருவர் கால்பந்து வீரர், ஒருவர் செய்தியாளர். பகலில் துப்பாக்கிக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் வெளியே சென்று உணவும் மருந்தும் விறகும் தேடி வர வேண்டும்.

அப்படித் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, முதிய தம்பதியர் வசிக்கும் ஒரு வீடு. அவர்களிடம் ஆயுதம் இல்லை. எதிர்க்கும் வலிமை இல்லை. அலமாரியில் உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. நம் வீட்டிலோ ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார். எடுப்பதா, விடுவதா? விளையாட்டு எதையும் தடுப்பதில்லை, எதையும் போதிப்பதுமில்லை. எடுத்தால் முதியவர் மன்றாடுகிறார். அவ்வளவே. சுமையோடு வீடு திரும்பலாம்.

அதன்பின் நடப்பதே என் வாதத்தின் மையம். மறுநாள் காலை வெற்றி முழக்கம் இல்லை. புள்ளிகள் ஏறவில்லை. திருடியவரும் அவரோடு இருப்பவர்களும் சோர்ந்துபோகிறார்கள். நடை தளர்கிறது, ஒருவர் மூலையில் அமர்ந்து எழ மறுக்கிறார், துக்கம் முற்றினால் வேலை செய்யவும் இயலாமற் போகிறது. அவருக்கு ஆறுதல் சொல்ல இன்னொருவர் தம் பகற்பொழுதைச் செலவிட வேண்டும். விரும்பிய நொடியில் ஆட்டத்தைச் சேமித்துவைத்துத் தவற்றை அழித்துவிட்டுத் திரும்ப வரும் வழியும் அங்கே இல்லை. போர் ஓய்ந்தபின் ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்ற குறிப்போடு ஆட்டம் முடிகிறது. களவுசெய்யாதே என்று அந்த விளையாட்டு ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் அந்த முதியவரின் வீட்டை விட்டு வெளியேறிய எவரும் களவு என்றால் என்னவென்று அறியாமற் போவதில்லை.

2020-ல் போலந்து அரசு, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இவ்விளையாட்டைச் சேர்ப்பதாக அறிவித்தது. 18 வயதானவர்களுக்கே அது உரியது என்ற வரையறையோடு, நூல்களுக்கு அருகில் அதற்கும் இடம் தரப்பட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது போர் தொடங்கியபோது, அந்த நிறுவனம் இவ்விளையாட்டின் ஒரு வார வருவாயை உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது. போரின் துயரைக் கற்பிக்க அவர்கள் தேர்ந்துகொண்ட முறைக்கும் இந்தக் கொடைக்கும் தொடர்பில்லை என்று நான் எண்ணவில்லை.

அவர்கள் அறிந்ததும் நாம் மறந்ததும்

இத்தகைய விளையாட்டுகளை வடிவமைத்தவர்கள் அறிந்திருக்கும் உண்மைகள் மூன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: செயல் கற்பவருடையதாக இருக்க வேண்டும். பிறன் செய்த பாவத்தைக் கேட்கும்போது நாம் நியாயாதிபதிகளாகிறோம். நம் கை செய்ததைக் காணும்போதே நெஞ்சு குத்தப்படுகிறது. தீர்க்கதரிசியாகிய நாத்தான் தாவீதிடம் சென்றதை நினைவுகூருங்கள். அவன் கட்டளைகளை வாசித்துக் காட்டவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிய வழக்கை அரசனின் கையில் கொடுத்தான். தாவீது சினந்து தீர்ப்புச் சொன்னான். சொன்ன பிறகே அந்தத் தீர்ப்பு தன்மேல் விழுந்ததைக் கண்டான். தீர்ப்பு அவனுடையதாக இருந்தபடியால் அவனால் அதை மறுக்க முடியவில்லை. நாத்தான் நம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருந்திருந்தால், கதையைச் சொல்லுமுன் பாடத்தின் கருத்தைக் கரும்பலகையில் எழுதச் சொல்லியிருப்போம்.

இரண்டாவது: பின்விளைவு மறையக் கூடாது. அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் 2015-ல் வெளியிட்ட 'அண்டர்டேல்' என்னும் விளையாட்டில் எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே இறுதிவரை செல்லலாம். எல்லாரையும் கொன்றும் செல்லலாம். வழக்கமான விளையாட்டுகளில் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறும். இங்கும் ஓர் எண் ஏறிக்கொண்டே வருகிறது. அது அனுபவத்தின் அளவு அன்று, பிறருக்கு இழைத்த கொடுமையின் அளவு என்பது முடிவில்தான் வெளிப்படுகிறது. எல்லாரையும் கொன்று முடித்தவர் மனம் மாறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கி நல்வழியில் ஆடினாலும், பழையதை விளையாட்டு மறப்பதில்லை. இனிய முடிவின்மேலும் அதன் நிழல் விழுகிறது. மன்னிப்பைப் பிரசங்கிக்கும் நாம் அந்த இடத்தில் விளையாட்டைத் தாண்டிப் பேச வேண்டியவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பு மலிவானது என்று பிள்ளைகள் எண்ணும்படி கற்பித்தவர்களும் நாமே. செய்த தீங்கின் எடையைத் தோளில் உணராதவனுக்கு அது இறக்கப்பட்டதன் ஆறுதல் எப்படித் தெரியும்?

மூன்றாவது: வீழ்ந்தவனுக்குப் பெயர் வேண்டும். 2020-ல் வெளிவந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் கொடூரமான விளையாட்டு. பழிவாங்குதலே அதன் கதை. ஆயினும் அங்கே எதிரி ஒருவன் வீழ்ந்தால் அவன் தோழர்கள் அவனைப் பெயர்சொல்லிக் கதறுகிறார்கள். பாதி வழியில், யாரைப் பழிவாங்க ஆடுபவர் துடித்தாரோ அவளாகவே மாறி ஆடும்படி விளையாட்டு அவரைக் கட்டாயப்படுத்துகிறது. அவளுக்கும் தகப்பன் இருந்தான், நண்பர்கள் இருக்கிறார்கள், அவளும் ஒரு கொலைக்காகத்தான் பழி தேடினாள் என்று மணிக்கணக்கில் காட்டுகிறது. பெட்டியாக மாறும் நூறு பேருக்கும் பெயர்சொல்லிக் கதறப்படும் ஒருவனுக்கும் உள்ள தொலைவு, வன்முறையை விற்பதற்கும் வன்முறையின் விலையைக் கற்பிப்பதற்கும் உள்ள தொலைவு. நம் பாடங்களில் பெலிஸ்தருக்குப் பெயர் உண்டா? எகிப்தில் தலைச்சன் பிள்ளையை இழந்த தாய்க்கு முகம் உண்டா?

வழிகாட்டாத குற்ற உணர்வு

விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இடறிய இடத்திலிருந்தும் கற்க வேண்டும். பெர்லின் நகரத்து யேகர் நிறுவனம் உருவாக்கி 2012-ல் வெளிவந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: த லைன்' என்ற விளையாட்டில், மணற்புயலால் அழிந்த துபாய் நகரில் ஓர் அமெரிக்கப் படைத்தலைவனாக ஆடுகிறோம். ஓரிடத்தில் எதிரிப் படையின்மேல் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீச வேண்டும். குறிபார்க்கும் திரையில் மனிதர்கள் வெறும் வெண்புள்ளிகளாகத் தெரிகிறார்கள். புகை அடங்கியபின் அந்த வழியாகவே நடந்து செல்ல வேண்டும். வெந்து கிடப்பவர்களிடையே, அடைக்கலம் தேடி வந்திருந்த பொதுமக்கள். அவர்களில் பிள்ளையை அணைத்தபடியே கருகிப்போன ஒரு தாய். அதன்பின் விளையாட்டு ஆடுபவரையே குற்றஞ்சாட்டத் தொடங்குகிறது.

இதைப் பாராட்டியவர் பலர். ஆனால் நியாயமான ஓர் எதிர்க்குரலும் எழுந்தது: குண்டு வீசாமல் ஆட்டத்தில் முன்னே செல்ல வழியே இல்லை, வேறு வழி கொடாமல் ஒரு செயலைச் செய்வித்துவிட்டு, ஏன் செய்தாய் என்று கேட்பது எப்படி நியாயம்? என் தீர்ப்பும் அந்தக் குரலோடுதான். கட்டாயத்தால் உண்டாக்கப்பட்ட குற்ற உணர்வு மனந்திரும்புதல் ஆகாது.

இதை வாசிக்கும்போது நம் வாலிபர் முகாம்களை நினையுங்கள். கடைசி இரவில் விளக்குகள் மங்கும். இசை மெல்ல ஒலிக்கும். நரகத்தின் நெருப்பும் கல்வாரியின் ஆணிகளும் அடுக்கடுக்காய்ச் சொல்லப்படும். நாள்முழுதும் களைத்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் அழுவார்கள். ஒருவர் அழுதால் பக்கத்திலிருப்பவரும் அழுவார். அந்தக் கண்ணீரை நாம் எண்ணி அறிக்கை எழுதுகிறோம். எந்தச் செயலுக்காக அழுகிறாய், யாரிடம் போய் எதைச் சரிசெய்யப் போகிறாய் என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. தெரிவு கொடாமல் குற்றம் சுமத்திய அந்த விளையாட்டைவிட இது எவ்விதத்தில் மேலானது?

பேதுருவை நம் ஆண்டவர் நடத்திய விதத்தைப் பாருங்கள். கரிநெருப்பின் அருகே மூன்று முறை மறுதலித்தவனை, மீண்டும் ஒரு கரிநெருப்பின் அருகே கொண்டுவந்து நிறுத்தினார். குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. மூன்று முறை ஒரு கேள்வியைக் கேட்டார். மூன்று முறையும் அவனே பதில் சொல்லும்படி விட்டார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். பழைய சூழலுக்குள் மீண்டும் நுழைய ஒரு வாசல், தானே பதில் சொல்லும் உரிமை, அதன்பின் செய்யத்தக்க ஒரு செயல். இந்த மூன்றும் இல்லாத கண்ணீர் கூட்டத்தோடு வற்றிப்போகும்.

எழக்கூடிய மறுப்புகள்

பிள்ளைகளின் கையில் துப்பாக்கி விளையாட்டைக் கொடுக்கச் சொல்கிறீரா என்று கேட்பீர்கள். இல்லை. நான் புகழ்ந்து பேசிய போர் விளையாட்டுகள் வளர்ந்தவர்களுக்கானவை. அந்த வயது வரம்பைப் பெற்றோர் மதிக்க வேண்டும். விளையாட்டுக்கும் கொலை போன்ற கொடுஞ்செயல்களுக்கும் காரணத் தொடர்பு உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவித்தது. கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டென்றும் அதே அறிவிப்பு சொன்னது. கட்டுக்கடங்காமல் விளையாடுவதை ஒரு நோய்நிலையாக உலகச் சுகாதார நிறுவனம் ஏற்ற வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம். ஆனால் அளவுக்கு மீறிய அச்சம் நம்மைச் சோம்பேறிகளாக்கும். எதிரியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் நம் வீட்டை ஒழுங்குபடுத்த மறந்துபோவோம்.

விசுவாசம் விளையாட்டல்ல என்பீர்கள். உண்மை. ஆனால் பஸ்காவை நினையுங்கள். விடுதலையின் வரலாற்றை இஸ்ரவேலின் பிள்ளைகள் கேட்க மட்டும் செய்யவில்லை. புளிப்பில்லாத அப்பத்தைப் புசித்தார்கள். கசப்பான கீரையை நாவில் உணர்ந்தார்கள். பயணத்துக்கு ஆயத்தமானவர்களைப் போல இடைக்கச்சை கட்டி நின்றார்கள். இந்த ஆராதனையின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லும்படி பெற்றோருக்குக் கற்பிக்கப்பட்டது. முதலில் அனுபவம், பின்பு கேள்வி, அதன்பின் விளக்கம். நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம்: முதலில் விளக்கம், பின்பு தேர்வு, அனுபவம் ஒருபோதும் இல்லை.

உணர்ச்சி நிலையற்றது, சத்தியமே நிலையானது என்பீர்கள். அந்தச் சத்தியத்தை அறிந்திருந்துதான் பிரின்ஸ்டன் மாணவர்கள் கீழே கிடந்தவரைக் கடந்து போனார்கள்.

என்ன செய்வோம்?

கணினியும் மின்சாரமும் இதற்குத் தேவையில்லை. அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளரான பிரெண்டா ரொமேரோ 2009-ல் 'டிரெயின்' என்றொரு பலகை விளையாட்டை உருவாக்கினார். சிறிய மஞ்சள் மனித உருவங்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி, சேருமிடத்துக்கு விரைந்து கொண்டுசேர்க்க வேண்டும். போட்டி மும்முரமாக நடக்கும். சேர்ந்த பிறகு ஒரு சீட்டைத் திருப்பினால் இடத்தின் பெயர் தெரியும்: ஆஷ்விட்ஸ். விதிகளைக் கேள்வி கேட்காமல் பின்பற்றிய கைகள் அங்கே நின்றுபோகும். 

நம் ஓய்வுநாள் பள்ளியில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் வகுப்பில் இப்படித் தொடங்கலாம். சமாரியன் உவமையின் பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூடிய உறை. ஒன்றில், சூரியன் மறையுமுன் ஆலயத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கடமை. மற்றொன்றில், வீட்டில் நோயுற்ற பிள்ளைக்கு மருந்து வாங்க வைத்திருக்கும் இரண்டே காசுகள். இன்னொன்றில், இந்தச் சாலையில் நின்றால் கள்ளர் தாக்குவார்கள் என்ற எச்சரிக்கை. வழியில் ஒருவன் கிடக்கிறான். முடிவெடுக்க மூன்று நிமிடம். கடந்து போனவர்களைத் திட்டாதீர்கள். நின்றவர்களுக்குப் பரிசு கொடாதீர்கள். அடுத்த வாரம் கதை விட்ட இடத்திலிருந்தே தொடரட்டும்: காசைக் கொடுத்தவரின் வீட்டில் என்ன நடந்தது? கடந்து போனவர் அன்றிரவு உறங்கினாரா? கிடந்தவனின் பெயர் என்ன?

முடிந்தபின் சில நிமிட மௌனம்; பின்பு மூன்று கேள்விகள். என்ன செய்தாய்? அப்போது உனக்குள் என்ன நடந்தது? நம் தெருவில் நீ தினமும் கடந்து போகிறவர் யார்? இந்த உரையாடலே விளையாட்டுகளிடம் பெரும்பாலும் இல்லாதது. நம்மால் கொடுக்கக் கூடியது. திரையின் முன் இரவில் தனியே குற்ற உணர்வோடு அமர்ந்திருக்கும் வாலிபனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. திருச்சபைக்கு அப்பமும் உண்டு, மேசையும் உண்டு, பக்கத்தில் அமரப் பெரியவர்களும் உண்டு. அவர்கள் அருகில் அமர்ந்து கேட்கத்தான் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் மகன் விளையாடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைப் பறிக்குமுன் ஒருமுறை அருகே அமருங்கள். நீ வீழ்த்திய அவன் யார், அவனுக்குப் பெயர் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று அவன் சொன்னால், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, இந்த ஆண்டுப் பரிசளிப்புக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை எடுத்து, பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்து, தாங்களே கொடுத்து, தாங்களே அதன் விளைவைப் போய்ப் பார்க்கும்படி அவர்கள் கையில் கொடுங்கள். மூப்பர்களே, சுவர் இருக்கும் கல்லறைத் தோட்டம் எதற்காவது அந்தப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர்களே கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல உங்களுக்குத் துணிவு இருக்கட்டும்.

எங்கள் பிதாவே, கேட்பதோடு நின்றுவிட்ட எங்கள் செவிகளுக்கு இரங்கும். ஒப்பிக்கப் பழகிய எங்கள் நாவுகளோடு, நின்று குனிந்து தூக்கப் பழகிய கைகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகள் கடந்து போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டென்று அவர்களுக்குக் காட்டும். அதை முதலில் எங்களுக்குக் காட்டும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்